அவர்கள் ஜெயித்த தொடரும் நான் விட்டுவந்த ஆடுகளமும்

நீ அழுவது யாருக்காக என்று அன்று என் தம்பி கேட்டான். நம் அணி தோற்றதற்கா, வந்த அணி ஜெயித்ததற்கா? என் மடியில் பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத குழந்தை. தொலைக்காட்சியில் வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். இந்தியாவுக்கு வந்து ஒரு டெஸ்ட் தொடரை ஜெயிப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று வர்ணனையாளர் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன். "பெத்த உடம்புடா, அப்டித்தான் இருக்கும். டிவிய நிறுத்து" என்று அம்மா என்னைக் காப்பாற்றினாள். குழந்தைக்கு இப்போது ஒன்றரை வயதாகிறது. தம்பியின் கேள்வி இன்னும் என்னோடு இருக்கிறது.

ஓய்வு பெற்றவர்கள் தங்கள் வேலையைப் பற்றி எழுதுவதை நான் விரும்பிப் படிப்பவள். முப்பது வயது முடியாத நான் அந்த வரிசையில் வந்து உட்காரலாமா என்று பலமுறை யோசித்தேன். ஆனால் வேலையை விட்டவள் ஒருவகையில் ஓய்வு பெற்றவள்தானே. தவிர, கேட்பதற்கு எனக்கும் ஒரு ஜூனியர் இருக்கிறாள். கிரிக்கெட் மைதானத்தில் என் இடத்தில் இப்போது ஆடுகளம் போடும் நிவேதா அடிக்கடி போன் செய்கிறாள். "அக்கா, அந்த கேம்ப்புக்குப் போட்டீங்களே ஒரு பிச்சு, அத்த எப்டிக்கா போட்டீங்க? சார் கைல கேட்டா, ரோலரப் போய்க் கேளுன்றாரு."

அவள் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. முன்பெல்லாம் பயிற்சிக்கு வரும் அணியினர் பந்து ஒரே சீராக எழும்பும் ஆடுகளம் வேண்டும் என்று கேட்டு வருவார்கள். அந்தத் தொடருக்குப் பிறகு வெடித்து, பொடிந்து, கெட்டுப்போன ஆடுகளம் வேண்டும் என்று கேட்டு வருகிறார்களாம்.

நான் படித்தது வேளாண்மை. சொந்த ஊர் கடம்பத்தூர். மண் பரிசோதனை நிலையம் ஒன்றில் கொஞ்ச காலம் இருந்தேன். கணவருக்குத் தேர்வாய் கண்டிகையில் தொழிற்சாலை வேலை, கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பக்கம் குடிவந்தோம். தொழிற்பேட்டைக்குப் போகும் சாலையில் ஒரு தனியார் கிரிக்கெட் பயிற்சி மைதானம் இருந்தது. மண் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். எனக்கு மண் தெரியும், கிரிக்கெட் தெரியாது. கிரிக்கெட் என்றால் தம்பி கத்துவது, அவ்வளவுதான். சேர்த்துக்கொண்டார்கள். முதல் வருடம் முழுக்க ஏரிக் களிமண்ணைக் காயவைத்து, உடைத்து, சலித்ததுதான் என் படிப்பு. தும்மினால் மூக்கிலிருந்து கறுப்பாக வரும்.

எங்கள் தலைவர் தேவராஜ் சார். அதற்கு முன் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்தவர். அவர் யாரையும் நேராகத் திட்டமாட்டார். திட்ட வேண்டியது முழுவதையும் ரோலரிடம் சொல்லுவார். "ஏ ரோலரு, உனக்கு அறிவு கீதா? ஈரம் காயறதுக்குள்ள மேல ஏறிக்கினு போனா மண்ணு அப்பிக்காதா? படிச்சிட்டு வந்துட்டா ஆச்சா?" ரோலர் எங்கே படித்தது? எனக்குத்தான் அது என்று எல்லோருக்கும் தெரியும். புல் வெட்டும் கஸ்தூரி அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். "ரோலருக்கு மூஞ்சி செவந்துட்ச்சி பாரு சார்" என்பார்.

ஆடுகளத்தில் செருப்போடு யாரும் ஏறக்கூடாது என்பது சார் வைத்த சட்டம். இன்னொன்று, கண்ணாடி எதுவும் கூடாது. எனக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து, கை நிறைய வளையலோடு வேலைக்குப் போனேன். சார் என் கையைப் பார்த்தார். பிறகு ரோலரைப் பார்த்தார். கழற்றச் சொல்ல மனமில்லை. ஒரு துண்டு உடைந்து மண்ணில் புதைந்தால், பந்தைப் பிடிக்கப் பாய்ந்து விழுபவனின் கையைக் கிழித்துவிடும். கஸ்தூரி அக்காதான் ஒரு பழைய வேட்டியைக் கிழித்து, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வளையலோடு சேர்த்துச் சுற்றிவிட்டார். கடைசி நாள் வரை அப்படித்தான் வேலை செய்தேன். எலும்பு முறிந்தவள் மாதிரி இருப்பேன்.

காலை வேலையை மட்டும் நிவேதாவுக்காக விவரமாகச் சொல்கிறேன். விடியும்போது மூடியிருக்கும் தார்ப்பாயைச் சுருட்ட வேண்டும். இழுக்கக் கூடாது, இழுத்தால் அடியில் வியர்த்துக் கோத்திருக்கும் தண்ணீர் ஒரே இடத்தில் கொட்டிவிடும். பிறகு பீரோ சாவி மாதிரி நீளமான சாவி ஒன்றை எடுத்து, பந்து விழும் இடங்களில் மெதுவாகக் குத்திப் பார்க்க வேண்டும். சுலபமாக இறங்கினால் உள்ளே ஈரம் இருக்கிறது. முனை மட்டும் இறங்கி நின்றால் உருட்டலாம். இறங்கவே இல்லை என்றால் உருட்டிப் பயனில்லை, வெயிலுக்கு விட்டுவிடலாம். நான் குத்திவிட்டு நிமிர்வதற்குள் சாரின் குரல் வரும். "இன்னா சொல்லுது?" "காயணும் சார்." "சரியா சொல்றியா, பயந்துகினு சொல்றியா?" எனக்கு அங்கேயே சந்தேகம் வந்துவிடும். மறுபடி குத்துவேன். அதே பதில்தான் வரும். அந்த வேலையில் மட்டும்தான் எனக்கு இரண்டாவது தடவையும் அதே பதில் வந்தது. வீட்டில் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தால் ஒவ்வொரு தடவையும் வேறு பதில்தான் வருகிறது.

இனி அந்த கேம்ப். எந்த நாடு என்று எழுதமாட்டேன். வேலையில் சேரும்போதே வெளியில் சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறோம். தொடருக்குச் சில வாரங்களுக்கு முன் அவர்களின் மட்டையாளர்கள் சிலர் எங்கள் மைதானத்தில் சுழற்பந்துக்குப் பழக வந்தார்கள். அவர்களில் ஒருவர் இடதுகை ஆட்டக்காரர். அரங்கத்து விளக்குக் கம்பம்போல் உயரம். கஸ்தூரி அக்கா முதல் நாளே அவருக்கு நெட்டையன் என்று பெயர் வைத்துவிட்டார்.

நெட்டையனுக்கு ஒரே ஒரு கஷ்டம்தான். டெஸ்ட் ஆட்டத்தில் நாள் போகப் போக, வேகப்பந்து வீசுபவர்கள் வீசி முடித்து ஓடி இறங்கும் இடத்தில் பூட்ஸ் ஆணி பட்டு மண் பெயர்ந்து பள்ளமாகும். பெரும்பாலும் அது இடதுகை ஆட்டக்காரரின் ஆஃப் ஸ்டம்ப்புக்கு வெளியே அமையும். சுழற்பந்து வீசுபவர் அந்தப் பள்ளத்தில் பந்தை விழவைத்தால், அது எழும்புமா, தவழுமா, எவ்வளவு திரும்பும் என்று கடவுளுக்கும் தெரியாது. முன்பு இந்தியாவுக்கு வந்தபோது அவர் அப்படித்தான் ஆட்டமிழந்துகொண்டே இருந்தாராம். இந்தத் தடவையும் அப்படியே ஆனால் அணியில் தன் இடம் போய்விடும் என்று என்னிடம் வெளிப்படையாகவே சொன்னார். எனக்கு ஆங்கிலம் வரும் என்பதால் அவர்கள் கேட்பதை எல்லாம் நான்தான் சாரிடம் சொல்ல வேண்டும்.

நாங்கள் ஒரு பக்கம் பள்ளம் விழ விட்டோம். பயிற்சிக்குப் பந்து வீச அவர்கள் அழைத்து வந்த வெளியூர்ப் பந்துவீச்சாளர்கள் ஓடி ஓடி அதை நன்றாகவே கெடுத்தார்கள். நெட்டையன் முதலில் தடுத்துப் பார்த்தார், பிறகு இறங்கி வந்து பார்த்தார். ஒன்றும் சரிவரவில்லை. கடைசிக்கு முந்தைய நாள் சாயங்காலம், முட்டி போட்டு, பந்து எழும்புவதற்குள் துடைப்பத்தால் பெருக்குவதுபோல் அடிக்க ஆரம்பித்தார். நாலு தடவையில் ஒரு தடவை பட்டது. முகம் மலர்ந்தது. போகும்போது என்னிடம் வந்து, நாளை கடைசி நாள், இந்தப் பள்ளம் இதே மாதிரி எனக்கு வேண்டும், ஒரு துடைப்பம்கூடப் படக்கூடாது என்று கேட்டுக்கொண்டார். நான் எல்லோருக்கும் சொன்னேன். சாரும் தலையாட்டினார்.

மறுநாள் காலை கணவர் என்னை பைக்கில் இறக்கிவிட்டுப் போனார். தார்ப்பாயைச் சுருட்டினோம். பள்ளம் இல்லை. மொழுமொழுவென்று, கல்யாண வீட்டுத் தரை மாதிரி இருந்தது ஆடுகளம்.

"நான் தொடலம்மா, எங்க நைனா மேல சத்தியமா" என்று கஸ்தூரி அக்கா பதறினார். நான் சாரைத் தேடினேன். அவர் தூரத்தில் ரோலர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் கைவிரல் இடுக்குகளில் களிமண் காய்ந்திருந்தது.

"எல்லாரும் போனப்புறம் ஒரு வாட்டி பாத்துட்டுப் போலாம்னு வந்தேம்மா" என்றார். "அந்தப் பள்ளத்தப் பாத்துக்கினு என்னால நிக்க முடியல. விருந்தாளி வர்ற ஊட்டப் பெருக்காம வுடுவோமா? பொடியத் தள்ளி, தண்ணி தொட்டு, மண்ண உருட்டி வச்சி, திமிசுக் கட்டையால நாலு போடு போட்டேன். அதுவாவே கை போய்ட்ச்சி." பிறகு ரோலரைப் பார்த்து, "அறிவு கெட்ட ரோலரு" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

இந்தத் தப்பை வேறு யாரும் செய்திருக்க முடியாது என்று இப்போது தோன்றுகிறது. ஆட்டம் முடிந்ததும் கால்தடத்தை அடைக்காமல் வீட்டுக்குப் போகிறவன் எங்கள் வேலையில் மனிதனே இல்லை. வருடக்கணக்காகக் கைக்குப் பழகியதை ஒரு தலையாட்டலால் நிறுத்த முடியுமா?

அதற்குள் விருந்தாளிகளின் ஒருங்கிணைப்பாளர் போன் செய்தார். பஸ் செங்குன்றத்தைத் தாண்டிவிட்டதாம், இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்லை. சார் சட்டையைச் சரிசெய்துகொண்டு, "நான் மூடிட்டேன்னு அவங்க கைல நானே சொல்லிடறேன், நீ இங்கிலீஷ்ல மட்டும் சொல்லு" என்றார். அந்த மனிதர் ஒரு வெளிநாட்டுக்காரன் முன்னால் தலைகுனிந்து நிற்பதை மொழிபெயர்க்க எனக்கு வாய் வராது என்று தோன்றியது. சாவியை எடுத்து அடைப்பில் குத்தினேன். சுலபமாக இறங்கியது. புது மண் இன்னும் பழைய மண்ணோடு ஒட்டவில்லை.

"எடுத்துடலாம் சார். கரண்டிய விட்டு நெம்பினா கட்டியா வந்துடும். அடில காஞ்ச பொடி போட்டு மறுபடி மிதிச்சா பள்ளம் வந்துடும்."

"சரியா சொல்றியா, பயந்துகினு சொல்றியா?"

"பயந்துகினுதான் சொல்றேன். ஆனா சரியாதான் சொல்றேன்."

கொத்துக் கரண்டியால் நெம்பினோம். அடைத்த மண் பல்லைப் பிடுங்கியதுபோல் முழுசாக வந்தது. சலித்த காய்ந்த மண்ணைக் கொட்டினோம். இனி ஆணி வைத்த பூட்ஸோடு யாராவது ஓடி மிதிக்க வேண்டும். பந்துவீச்சாளர்கள் பஸ்ஸில்தான் வருகிறார்கள். சாமான் அறையில் யாரோ விட்டுப்போன பூட்ஸ்கள் கிடந்தன. கஸ்தூரி அக்கா ஒரு ஜோடியை எடுத்தார். அவர் கால் அதில் பாதிக்குக்கூட வரவில்லை. மண் சலிக்கிற பழைய துணியை உள்ளே திணித்துக்கொண்டு, புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டார்.

"எங்கம்மா மிதிக்கணும், காட்டு."

"ஸ்டம்ப்பத் தாண்டி இடது பக்கமா இறங்குங்கக்கா. வலது கை ஆளு வீசற மாதிரி ஓடி வரணும்."

"வீசறதுன்னா கையையும் சுத்தணுமா?"

"கை வேணாம், காலு போதும்."

"கையும் சுத்தறேன், அப்பதான் காலு கரெக்டா வுழும்" என்று சொல்லிவிட்டு ஓடிவந்தார் பாருங்கள். அவரைப் பார்த்துப் புல் வெட்டும் மற்ற பெண்களும் ஆளுக்கொரு ஜோடி மாட்டிக்கொண்டு ஓடினார்கள். சார் தலையில் கை வைத்துக்கொண்டு, "குதிகால வச்சி அழுத்தும்மா, திருப்பி வுடு, திருப்பி வுடு" என்று தானே பள்ளம் போடச் சொல்லிக்கொடுத்தார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். உள்ளே குழந்தையும் உதைத்தது. அவ்வளவு சிரித்தது குழந்தைக்கு ஆகாதோ என்று அன்று சாயங்காலம் கவலைப்பட்டேன்.

பஸ் வந்து நின்றதை யாரும் கவனிக்கவில்லை. புடவையோடு ராட்சத பூட்ஸில் ஓடிவரும் பெண்களைப் பார்த்து விருந்தாளிகள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். நெட்டையன் மட்டும் நேராக வந்து, பூட்ஸைக் கழற்றிவிட்டு ஆடுகளத்தில் ஏறி, குனிந்து அந்தப் பள்ளத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். நேற்றைவிட மோசமாக இருக்கிறது, ரொம்ப நன்றி என்றார். அதை நான் சாரிடம் சொன்னபோது அவருக்கு அது பாராட்டா, திட்டா என்று புரியவில்லை. "வாய்க்கா அடைச்சிக்கினு கீது, அத்தப் பாக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று மதியம் வரை நெட்டையன் முட்டி போட்டுப் பெருக்கிக்கொண்டே இருந்தார். முதலில் தவறியது, பிறகு பட்டது, பிறகு பட்டுக்கொண்டே இருந்தது. கிளம்பும்போது கஸ்தூரி அக்காவிடம் கை கொடுத்தார். அக்கா கையைப் புடவையில் துடைத்துவிட்டுக் கொடுத்தார். அதுதான் என் கடைசி வேலை. அடுத்த வாரம் பிரசவத்துக்காகக் கடம்பத்தூர் போய்விட்டேன். மூன்று மாதத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனேன்.

தொடரை நான் முழுசாகப் பார்க்கவில்லை. குழந்தை தூங்கும்போது சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தேன். முதல் ஆட்டத்தை அவர்கள் ஜெயித்தபோது ஏதோ தற்செயல் என்றான் தம்பி. தொடர் முடிவாகும் ஆட்டத்தில் ஆடுகளம் இரண்டாம் நாளே வெடித்துவிட்டது. நம் சுழற்பந்து வீச்சாளர் நெட்டையனின் ஆஃப் ஸ்டம்ப்புக்கு வெளியே இருந்த பள்ளத்தைக் குறிபார்த்து வீசினார். நெட்டையன் முட்டி போட்டார். பெருக்கினார். பந்து எல்லைக்கு ஓடியது. "எவன்டா இந்தப் பிச்சப் போட்டவன்!" என்று தம்பி தலையணையை எறிந்தான். வெயில் தாழும்வரை அவரை யாராலும் அசைக்க முடியவில்லை.

ஜெயித்த உடனே கஸ்தூரி அக்கா போன் செய்தார். "நம்ம நெட்டையன் பின்னிட்டான் பாத்தியாம்மா! நான் மிதிச்ச பள்ளத்துல பழகினவன்!" நம்ம என்றுதான் சொன்னார், யோசிக்கவே இல்லை. சாருக்கு நான் போன் செய்தேன். "அந்த எண்டுல இன்னும் கொஞ்சம் உருட்டியிருக்கணும், சீக்கிரமே வுட்டுப்போச்சி" என்று யாரோ ஒருவர் போட்ட ஆடுகளத்துக்காக வருத்தப்பட்டார். தம்பியின் கேள்வி வந்தது அதற்குப் பிறகுதான். நம் அணி தோற்றது எனக்கு வலிக்காமல் இல்லை. ஆனால் அழுதபோது என் கண் ஆட்டக்காரர்கள் மேல் இல்லை. அவர்களுக்குப் பின்னால் சிலர் குனிந்து அந்த ஆடுகளத்தைப் பெருக்க ஆரம்பித்திருந்தார்கள். அவர்களோடு நான் இல்லையே என்றுதான் அழுதேனோ என்னவோ. அதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மூன்று மாதம் ஒன்றரை வருடமாகிவிட்டது. வீடு திரும்பியதிலிருந்து குழந்தைக்கு அடிக்கடி இளைப்பு வந்தது. தூசி ஆகாது என்றார் டாக்டர். நானே போய் ராஜினாமா கொடுத்தேன். யாரும் கொடுக்கச் சொல்லவில்லை.

போன வாரம் சார் போன் செய்தார். "இன்னாம்மா, நல்லா கீறியா? பாப்பா நாஷ்டா எல்லாம் துன்னுதா? தீவாளி முடிஞ்சி இன்னொரு டீமு வருது. மூணு வாரம். நிவேதா நல்லாத்தான் பண்ணுது. ஆனா பள்ளத்த வெக்கச் சொன்னா அதுவும் என்ன மாதிரியே மூடிப்புடுது. பெரிய பேஜாரு. நீ இருந்தாத்தாம்மா எங்களத் தடுப்பே." பாப்பாவையும் அழைத்து வரலாம், ஷெட்டில் தூளி கட்டலாம் என்றார். அந்தக் களிமண் தூசியில் எப்படி? அத்தை, என் மாமியார், "போய்ட்டு வாம்மா, நான் பாத்துக்கறேன்" என்கிறார். கணவர், "உன் இஷ்டம்" என்கிறார். அது எனக்கு எந்த உதவியும் இல்லை. தம்பி, "மறுபடியும் நம்மளத் தோக்கடிக்கப் போறியா?" என்று கிண்டல் செய்கிறான்.

ஒரு நாள் மட்டும் பார்க்கலாம் என்று நேற்று விடியும்போது போனேன். குழந்தை இன்னும் தாய்ப்பால் மறக்கவில்லை. அழுதால் உடனே கூப்பிடுங்கள் என்று அத்தையிடம் பலமுறை சொல்லிவிட்டுப் போனேன். சாவியைக் குத்திப் பார்த்தேன். முனை மட்டும் இறங்கி நின்றது. "உருட்டலாம் சார்" என்றேன். சார் எந்தக் கேள்வியும் கேட்காமல் ரோலரில் ஏறினார். உருட்டி முடிப்பதற்குள் மார்பு கட்டி, ரவிக்கை நனைந்துவிட்டது. போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன். அழைப்பே வரவில்லை. ஓடிவந்தேன். குழந்தை அத்தை மடியில் உட்கார்ந்து பருப்பு சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்தது. சிரித்தது. மறுபடி வாயைத் திறந்து அத்தை பக்கம் திரும்பிக்கொண்டது. "ஒரு சத்தம் இல்ல, சமத்து" என்றார் அத்தை.

அழுதிருந்தால் எனக்கு முடிவு சுலபமாக இருந்திருக்கும். ஆசையாக இருக்கிறது, போகலாம் என்று சொல்கிறார்கள், குழந்தையும் தடுக்கவில்லை. அப்படியும் என் கால் எழவில்லை. குழந்தைக்காக நிற்கிறேனா, அல்லது குழந்தைக்கு நான் இல்லாமலும் முடியும் என்று தெரிந்துகொள்ளப் பயந்து நிற்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாருக்குப் பதில் சொல்ல வேண்டும். பால் மறக்காத பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு, விடியும் முன்னே வேலைக்குப் போன தாய்மார்கள் இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள். உங்கள் பிள்ளை அழாத அந்த முதல் நாளை நீங்கள் எப்படித் தாண்டினீர்கள்?